அல்சூர் காற்றுக்கு ஒரு ஜெட், வேலூர் காற்றுக்கு ஒரு ஜெட்

வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்தபடி மேஸ்திரி என் கண்ணுக்கு நேரே நீட்டினார். நடுவில் இருக்கும் பீங்கான் வெள்ளைவெளேர் என்று இருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரில்கூட அத்தனை வெள்ளையைப் பார்க்க முடியாது.

“சைலன்சரை நீ மாற்றினாய், தம்பி. பெட்ரோலை யார் மாற்றுவது?”

2014ஆம் ஆண்டு. பெங்களூரில், அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. அந்தக் கேள்வி எனக்கு அன்று விளங்கவில்லை. பங்கில் போடுவது ஒரே பெட்ரோல்தானே, அதில் மாற்ற என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதன் பிறகு என் வண்டியின் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே அளந்து வருகிறேன். வண்டியின் சக்தியைக் கூட்ட விரும்பும் இளைஞர்கள் என்னிடம் எந்தச் சைலன்சர் நல்லது என்று கேட்கும்போதெல்லாம், அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பிளக்கைக் கழற்றிக் காட்டு என்றுதான் சொல்கிறேன்.

என் தாத்தா குடியாத்தத்திலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து இந்த ஊருக்கு வந்தவர். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் படைப்பிரிவின் வீரர்களை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். மேஸ்திரியும் அதே பிரிவில் வாகனப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் அவர் யாரைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டாலும் அதில் வயதின் உறவோடு படையின் உறவும் சேர்ந்தே ஒலிக்கும். நான் அவரை அண்ணா என்பேன். தமிழ், கன்னடம், ராணுவ இந்தி மூன்றையும் கலக்காமல் தனித்தனியாகப் பேசக்கூடியவர்.

வண்டி 2012இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. ஒற்றை சிலிண்டர், 346 சிசி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் மிகுனி வகைக் கார்புரேட்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். நிமிடத்துக்கு 5,250 சுழற்சியில் 19.8 குதிரைத்திறன், 4,000 சுழற்சியில் 28 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நகரத்துக்கு இது தாராளம். ஆனால் ஓசூர் சாலையில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, 60இலிருந்து லாரியை முந்த ஆக்சிலேட்டரைத் திருகும்போது வண்டி யோசிக்கும். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஜே.சி. சாலையில் ஒரு கடையில் உட்புறத் தடுப்புகள் ஏறக்குறைய இல்லாத குட்டைச் சைலன்சர் ஒன்றை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டேன். வேறு எதையும் தொட வேண்டாம், இதுவே இரண்டு குதிரைத்திறன் கூட்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். நானும் நம்பினேன்.

முதல் இரண்டு வாரம் வண்டி பறப்பதாகவே தோன்றியது. ஒலி அப்படி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் பின்னால் பட்டாசு வெடித்தது. கால் பங்கு திருகிய நிலையில் சீராகப் போகும்போது வண்டி லேசாகத் தயங்கித் தயங்கிப் போனது. சிலிண்டரிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பின் பளபளப்பு மஞ்சளாகி, பிறகு நீலமாகியது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 31க்கு இறங்கியது. மைலேஜ் குறைந்ததால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று நான் கணக்குப் போட்டேன். பிளக்கின் வெள்ளையோ நேர்மாறாகச் சொன்னது: எரியும் இடத்தில் பெட்ரோல் போதவில்லை. போதாததால் தள்ளும் விசை குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட நான் ஆக்சிலேட்டரை இன்னும் திருகிக்கொண்டிருந்தேன்.

பட்டறைகளில் இதற்கு இரண்டே சொற்கள்: லீன், ரிச். பெட்ரோல் குறைந்த கலவை லீன், மிகுந்தது ரிச். பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் அதிகபட்ச சக்தி அந்தப் புள்ளியில் கிடைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் பெட்ரோல் சேர்த்து, காற்றை 13 அல்லது 12.5 பங்குக்குக் கொண்டுவரும்போதுதான் இன்ஜின் நன்றாக இழுக்கிறது. கூடுதல் பெட்ரோல் சிலிண்டருக்குள் வரும் எல்லா ஆக்சிஜனையும் பிடித்து எரித்துவிடுகிறது, ஆவியாகும்போது சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. ஆலைகள் புகைக்கட்டுப்பாட்டுக்காகவும் மைலேஜுக்காகவும் சாதாரண ஓட்டத்தில் கலவையை லீன் பக்கமாகவே வைத்து அனுப்புகின்றன. அப்படி ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் வண்டியில் வெளியேறும் வழியை அகலப்படுத்தினால், உள்ளே வரும் காற்று கூடுகிறது. பெட்ரோல் வரும் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. மேஸ்திரி கேட்ட கேள்வியின் பொருள் இதுதான்.

அவர் எனக்கு இதை ஒரு கணக்காகவும் சொன்னார். 346 சிசி இன்ஜின் 4,000 சுழற்சியில் நிமிடத்துக்கு 2,000 முறை மூச்சு இழுக்கிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பினால் ஏறத்தாழ 690 லிட்டர் காற்று. நடைமுறையில் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதற்கு ஈடாக அந்த ஒரு நிமிடத்தில் தேவைப்படுவது 60 மில்லி பெட்ரோல், அதாவது நம் ஊர் பை-டூ காபியில் ஒரு பங்கை விடவும் குறைவு. அந்தச் சிறு அளவைத் தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் பித்தளையில் போட்ட ஒரு துளை; அதற்குத்தான் ஜெட் என்று பெயர். அதன் அகலத்தில் தலைமுடியின் கனத்தை விடக் குறைவான வேறுபாடு வந்தாலும் வண்டியின் குணம் மாறிவிடும்.

சைலன்சரைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்த இன்னொன்றையும் அவர்தான் களைந்தார். இன்ஜினுக்குப் பின்னழுத்தம், அதாவது புகை வெளியேறும் வழியில் ஒரு தடை, வேண்டும், அது இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்று சந்துக்குச் சந்து சொல்வார்கள். என் வண்டியில் இருப்பதைப் போன்ற நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினுக்குப் பின்னழுத்தத்தால் எந்த நன்மையும் இல்லை. அதற்கு வேண்டியது புகையின் வேகமும், அலை திரும்பி வரும் நேரமும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை ஒரு அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய் சட்டென்று அகலும் இடத்தில் அந்த அலை தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்த இடைவேளையில் அது சிலிண்டரை வந்தடைந்தால், மிச்சப் புகையை இழுத்து வெளியேற்றி, புதுக்கலவையையும் உள்ளே இழுத்துவிடும். 4,000 சுழற்சியில் 30 மில்லி நொடிக்கு ஒரு முறை இது நடக்கிறது. எந்தச் சுழற்சியில் அலை சரியான நேரத்துக்கு வரும் என்பதைக் குழாயின் நீளம் முடிவு செய்கிறது. புகையின் வேகத்தை அதன் விட்டம் முடிவு செய்கிறது. தேவைக்கு மேல் அகலமான பெண்ட் பைப்பைப் போட்டால் கீழ்ச் சுழற்சிகளில் புகை சோம்பிப் போகும். அப்படி இழுவை போனதைப் பார்த்தவர்கள்தான் அதற்குப் பின்னழுத்தம் என்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) வண்டிகளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இந்த ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100க்கு இருக்கும் பக்தி தெரிந்ததே; எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன. அதன் சைலன்சர் வயிறு பருத்து மறுபடி குறுகுவது அழகுக்காக அன்று. தப்பி வெளியே போகும் புதுக்கலவையைத் திரும்பி வரும் அலை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1961இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பி சுசுகியிடம் சேர்ந்தபோது அந்த அறிவும் ஜப்பானுக்குப் போனது. அப்படிப்பட்ட வண்டியில் சைலன்சரை வெட்டினால் உயிரே போய்விடும். அந்த அனுபவத்தை வைத்து நான்கு வீச்சு வண்டிக்கும் அதே விதியைச் சொல்வதுதான் தவறு.

அன்று மேஸ்திரி ஜெட்டைத் தொடவே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடியில் மடித்துப் பார்த்தார். இருந்தது; நகக்கண் அளவு. அதன் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிறகு சைலன்சர் இணையும் இடத்தில் சோப்புத் தண்ணீரைப் பூசி வண்டியை உதைத்தார். குமிழ் குமிழாக வந்தது. ஆக்சிலேட்டரை மூடும்போது கேட்ட பட்டாசுக்கு அதுவும் ஒரு காரணம்: அங்கே உறிஞ்சப்பட்ட காற்று, எரியாமல் வந்த பெட்ரோலைக் குழாய்க்குள்ளேயே பற்றவைத்திருக்கிறது. இந்த இன்ஜினில் புகையைச் சுத்தப்படுத்தவே எக்ஸாஸ்ட் பாதைக்குள் கொஞ்சம் காற்றை விடும் ஒரு வால்வும் உண்டு. அதை அடைத்துவிட்டால் ஓசை நின்றுவிடும் என்று பலர் அடைக்கிறார்கள். அவர் அடைக்க மறுத்தார். நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயைப் பொத்துவதா என்று கேட்டார்.

ஏர் ஃபில்டர், செயின் தளர்வு, டயர் காற்று, பிரேக் உராய்வு எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஒரு மாத்திரை டப்பா நிறைய ஜெட்டுகளோடு பழைய மெட்ராஸ் சாலையில் ஹொசகோட்டையைத் தாண்டிப் போனோம்.

அந்தக் காலைப்பொழுதுகளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. மொத்தம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப், அதன் பக்கத்தில் அசையாத பாகத்தில் நான்கு கோடுகள்: மூடியது, கால், அரை, முழுவது. கார்புரேட்டரில் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பாகம் பொறுப்பு. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் கலவைத் திருகும். கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று படியும், ஆனால் குறையை எங்கே தேடுவது என்று டேப் காட்டிவிடும். என் வண்டி தயங்கியது கால் கோட்டின் பக்கத்தில். கடையில் மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்கியிருந்தால் அந்தத் தயக்கம் போயிருக்காது.

மேலிருந்து கீழே வர வேண்டும் என்பது அவர் முறை: முதலில் மெயின் ஜெட், பிறகு ஊசி, பிறகு பைலட், கடைசியில் திருகு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை அப்போதே எழுத வேண்டும். புது பிளக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் முழுவதும் திருகிய நிலையில் ஓட்டி, அதே வேகத்தில் இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் போய் நிற்பேன். அவர் கையுறையோடு பிளக்கைக் கழற்றி, லென்ஸ் வைத்து, பீங்கானின் அடிவேர் வரை பார்ப்பார். 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதிலிருந்து பிளக்கில் நிறம் பழையபடி பளிச்சென்று விழுவதில்லை என்று சொன்னார். அதனால்தான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுப் பிளக், ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு பொறுமை.

மெயின் ஜெட்டை இரண்டு எண் கூட்டினோம்; எண் கூடினால் துளை பெரிது. முழு ஆக்சிலேட்டரில் வண்டி கனத்துப் போய், நனைந்த துணியை இழுப்பதுபோல் ஓடியது, பிளக் கரி. ஒரு எண் குறைத்தோம். வண்டி மூச்சு விட்டது. எனக்கு அந்த ஓட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது. பனி விலகாத வயல், வலது பக்கம் ஒரு யூகலிப்டஸ் தோப்பு, டேப் முழுக் கோட்டைத் தொட்டதும் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளியதைப் போல ஒரே சீராக வந்த விசை. திரும்பி வந்தபோது மேஸ்திரி பிளக்கைப் பார்க்கும் முன்பே தலையசைத்துவிட்டார். தூரத்திலிருந்தே ஒலியில் தெரிந்துவிட்டதாம்.

அடுத்த வாரம் ஊசி. அதன் கீழே அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று. ஊசி மேலே ஏறினால் அதைச் சுற்றியுள்ள இடைவெளி கூடி, நடு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் கூடுகிறது. மூன்றாவது வாரம் பைலட் ஜெட் ஒரு எண் கூடியது. கால் கோட்டுத் தயக்கம் அன்று மறைந்தது. நான்காவது வாரம் திருகு மட்டும். சூடான இன்ஜினில் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் மிக உயர்ந்து சீராக நிற்கும் இடத்தில் விட்டார்.

இந்த நான்கு வாரமும் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம் இருந்தது. ஐந்தாவது கியரில், அதே நேர்ச்சாலைத் துண்டில், 50இலிருந்து 80க்கு எத்தனை நொடி என்று இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தோம். ஒரிஜினல் சைலன்சரோடு, எதையும் தொடாமல் இருந்தபோது 11.4. இந்த எண் என்னிடம் இருந்ததே தற்செயல்; வண்டி புதிதாக இருந்தபோது அதே சாலையில் விளையாட்டாக எடுத்து எழுதி வைத்திருந்தேன். புதுச் சைலன்சரை மட்டும் மாட்டிய நிலையில் 12.1. எனக்குப் பறப்பதாகத் தோன்றிய அந்த வண்டி உண்மையில் முன்பை விட மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெட் வேலை முடிந்த பிறகு 10.2.

பிறகு மேஸ்திரி சொல்லாமல், நானாக ஒரு காரியம் செய்தேன். ஒரிஜினல் சைலன்சரையே திரும்ப மாட்டி, மெயின் ஜெட்டை ஒரு எண் இறக்கி, மறுபடி அளந்தேன். 10.6.

சைலன்சரால் வந்த லாபம் அரை நொடிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் விரிசல் இல்லாத ஒரு ரப்பர் குழாய், புகை கசியாத ஒரு இணைப்பு, சரியான மூன்று பித்தளைத் துண்டுகள், ஒரு வாஷர். கையிலிருந்து போன பணத்தில் பெரும்பகுதி எதற்குப் போனது, பயனில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று கணக்கு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் மனம் மாறியது.

எதிர்வீட்டுப் பாட்டி அதற்கு முன்பே என் மனத்தை அசைத்திருந்தார். ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். “உன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பேத்தி அழ ஆரம்பித்துவிடுகிறாள், அப்பா. மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம் ஆகிறது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. ஒருவர் வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டில் தும்மலாகும். அங்கே நான் விடியற்காலை ஒரு மணிக்குச் செய்துகொண்டிருந்தது அநியாயம். சட்டமும் அதையேதான் சொல்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டி தயாராகும்போதே அதன் ஒலி 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியைத் தயாரிப்பு நிலையிலிருந்து மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 190ஆவது பிரிவின்படி ஒலி, புகை வரம்புகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் உண்டு. பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிக்கு இவை பொருந்தா. அல்சூர் பஜார் தெரு பந்தயத் தளம் அன்று. அளந்து முடித்த கையோடு குட்டைச் சைலன்சர் பரணில் ஏறியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஜெட் விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். 2015 பொங்கலுக்கு மனைவியோடு குடியாத்தம் புறப்பட்டோம். கோலார், முல்பாகல், வி.கோட்டா வழி. வி.கோட்டாவுக்குப் பிறகு பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்க இறங்கக் காது அடைக்கும். காற்று கனப்பது உடம்புக்கே தெரியும். ஊர் வந்து, மறுநாள் மதியம் வேலூருக்குப் போகும் சமதளச் சாலையில், மூட்டையும் இரண்டு பேரும் ஏறிய வண்டியை ஐந்தாவது கியரில் முறுக்கியபோது இன்ஜினுக்குள்ளே தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கும் ஒலி கேட்டது. நாக்கிங்: சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் ஓசை. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் வந்தது. பயந்துபோய் 50லேயே ஓட்டி, அங்கிருந்தே மேஸ்திரிக்கு போன் செய்தேன்.

“நீ எங்கே நிற்கிறாய்?”

“வேலூரில், அண்ணா.”

“நான் உனக்கு ஜெட் போட்டது அல்சூருக்கு.”

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வேலூர் 216 மீட்டர். காற்றழுத்தம் இங்கே 910 மில்லிபார் அளவு என்றால் அங்கே 990ஐ ஒட்டி வரும். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் 8 விழுக்காடு கூடுதல் காற்று. கார்புரேட்டர் அந்தக் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று அடர்த்தியாகும்போது பெட்ரோலும் கூடும், ஆனால் பாதியளவுதான் கூடும். மீதி 4 விழுக்காடு கலவை லீன் ஆகிவிடும். என் வண்டியில் இருப்பதைப் போன்ற கார்புரேட்டர் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஓரளவுதான். நானோ ஒரிஜினல் சைலன்சருக்காக மெயின் ஜெட்டை ஒரு எண் இறக்கி, கலவையை ஓரத்திலேயே நிறுத்தியிருந்தேன். பெங்களூர்க் காற்றுக்கு அது பொருந்தியது. கீழே இறங்கிய வண்டிக்குப் பாரமும் சேர்ந்ததும் கோட்டைத் தாண்டிவிட்டது. மலை ஏறினால் இதற்கு நேர்மாறு: 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை உச்சியில் இதே வண்டி லேசாகக் கரி கக்கும்.

பெங்களூர்த் தமிழர்களில் எத்தனையோ பேர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வண்டியிலேயே ஊருக்கு இறங்குகிறார்கள். இங்கே நுணுக்கமாகச் சுருதி கூட்டிய கார்புரேட்டரோடு இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஓரம் வரை போகாதீர்கள். மெயின் ஜெட்டை ஒரு எண் கூடுதலாக விட்டு வையுங்கள், அல்லது அடுத்த எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். நான் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டேன். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர், அந்த மாத்திரை டப்பா, அரை மணி நேரம். மாமியார் வீட்டுத் திண்ணையே போதும்.

காற்று மாறியது போதாதென்று பெட்ரோலும் மாறியது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரிலேயே நடந்த ஒரு விழாவில்தான் பிரதமர் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகப்படுத்தினார். எத்தனாலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது தன் காற்றில் ஒரு பகுதியைத் தன்னோடேயே கொண்டுவருகிறது. அதனால் அதே துளை வழியாக அதே அளவு எரிபொருள் வந்தாலும் கலவை லீன் ஆகிறது. இதற்குள் நான் பெண்ட் பைப்பில் ஒரு மரை பற்றவைத்து, அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். அது லாம்டா என்ற அளவைக் காட்டும்: ஒன்று என்றால் சரிசமம், அதற்குக் கீழே ரிச், மேலே லீன். சீரான ஓட்டத்தில் 0.95 காட்டிக்கொண்டிருந்தது, புதுப் பெட்ரோலில் 0.99க்கு வந்தது. எண்ணில் சிறிதுதான், மறுபடி ஒரு எண் பைலட், ஒரு வாஷர். மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் வளையங்களையும் மாற்றினேன். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது.

என் அக்கா மகளின் வண்டி இன்டர்செப்டர் 650. 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், கார்புரேட்டருக்குப் பதில் கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசிமுறை. ஜெட் இல்லை, வாஷர் இல்லை. அதுவே உயரத்தை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. வேலூருக்கு இறங்கினால் அதற்கு ஒன்றுமே இல்லை. அவள் இரண்டு பக்கமும் எடை குறைந்த சைலன்சர்கள் வாங்க ஆசைப்பட்டபோது, நானும் அவளும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். ஊசிமுறை வண்டியில் மேஸ்திரியின் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வரும் வண்டிகளில், சீரான ஓட்டத்தின்போது கணினி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டுக் கலவையைச் சரிசமப் புள்ளிக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியில் நாம் பெட்ரோலைக் கூட்டினால் அது குறைத்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணைப்படி ஊற்றுகிறது. காற்றோட்டம் மாறியது அந்த அட்டவணைக்குத் தெரியாது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்ட்ரானிக், அமெரிக்காவின் டைனோஜெட் செய்யும் பவர் கமாண்டர் போன்ற பெட்டிகள் கணினிக்கும் பெட்ரோல் பீய்ச்சும் ஊசிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஊசி திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக் குறைப்பது இதற்காகத்தான். நல்ல பெட்டி, சக்தியை அளக்கும் டைனோ மேடையில் அந்த வண்டிக்கென்றே எழுதிய அட்டவணை, அகலப்பட்டை சென்சார் மூன்றும் சேர்ந்தால் பயன் உண்டு. வேறு யாருடைய வண்டிக்கோ எழுதியதை இறக்கிப் போட்டுக்கொள்வது, வேலூர் ஜெட்டை அல்சூரில் போடுவதுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் முதலில் என் வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்று அளப்போமா, மாமா?” என்றாள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் ஒரு மழைக்காலத்துத் தூசி முழுவதும் அதில் இருந்தது. செயின் தளர்ந்திருந்தது. இரண்டையும் சரி செய்து ஓட்டியவள் சைலன்சர் பேச்சை இந்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறாள். சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியைக் கழற்றும் பேச்சே கூடாது என்பதில் இருவரும் ஒரே கருத்து. அந்தப் புகையை மூச்சாக இழுப்பது எங்கள் தெருதான்.

மேஸ்திரிக்கு இப்போது கை நடுங்குகிறது. ஜெட்டை அவரால் மரையில் பிடித்து வைக்க முடிவதில்லை. போன வாரம் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தி, பிளக்கை நானே கழற்றி, துணியில் வைத்து அவரிடம் கொடுத்தேன். சென்சார் காட்டிய எண்ணையும் சொன்னேன். அதைக் காதில் வாங்காமல் பிளக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினார், லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார், நெடுநேரம் பார்த்தார்.

“பொங்கலுக்குக் கீழே இறங்குகிறாயா?”

“ஆமாம், அண்ணா.”

“அப்போது மெயினை ஒன்று கூட்டிக்கொள். இங்கே இருக்கும்வரை கால் சுற்று திறந்தால் போதும்” என்றார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.